ஒரு பருத்தி கவுனும் ஒரு பிரதமரின் பாட்டியும்

கெவின் ரட் ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்தபோது, 2008-ல், அவருடைய வம்சாவளியைத் தேடி எடுத்து அவருக்கே பரிசாகக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் மார்மன் சபையினர். உலகம் முழுக்கப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளைச் சேகரிப்பதை ஒரு சமயக் கடமையாகவே செய்கிறவர்கள். அந்தப் பரிசில் இருந்த முக்கியமான தகவல், பிரதமரின் முன்னோர்களில் இருவர் இங்கிலாந்திலிருந்து நாடு கடத்தப்பட்ட திருடர்கள் என்பது. தாமஸ் ரட் ஒரு மூட்டை சர்க்கரை திருடியவர். மேரி வேட் இன்னொரு சிறுமி போட்டிருந்த உடையை உருவிக்கொண்டு ஓடியவள்.

நம் ஊரில் பதவியில் இருக்கும் ஒருவரிடம் போய், "ஐயா, உங்க பாட்டி ஒரு திருடி, இதோ ஆதாரம்" என்று கொடுத்துப் பாருங்கள். கொடுத்தவர் வீடு வந்து சேர்வாரா என்பதே சந்தேகம். ஆஸ்திரேலியாவில் அது சந்தோஷமான செய்தியாகப் பத்திரிகையில் வந்தது. இன்றைக்கு அங்கே கன்விக்ட் முன்னோர் ஒருவர் இருப்பது கிட்டத்தட்ட ஒரு கௌரவப் பட்டம். ஆனால் நூறு வருடத்துக்கு முன் அப்படி இல்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

என்னை ஈர்த்தது பிரதமர் இல்லை, அந்தச் சிறுமி. எழுதப் படிக்கத் தெரியாத, லண்டன் தெருவைப் பெருக்கிப் பிச்சை எடுத்த ஒரு ஏழைப் பெண்ணின் வாழ்க்கையை 230 வருடம் கழித்து என்னால் நாள் தேதியோடு எழுத முடிகிறது. எப்படி? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் தேடும் முறை. வம்சாவளித் தேடலில் பொதுவாக எல்லோரும் சொல்லும் விதி, நம்மிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போ என்பது. பெரிய ஆள் ஒருவரைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து நம்மை நோக்கி வரக் கூடாது. அப்படி வந்தால் எல்லோருமே ராஜ பரம்பரையாகத்தான் முடிவோம். நியூ சவுத் வேல்ஸ் காலனியில் அரசே பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் பதிவு செய்யத் தொடங்கியது 1856-ல். அதற்கு முன் சர்ச் பதிவேடுகள்தான். மேரி வேட் இறந்தது 17 டிசம்பர் 1859. மூன்றே வருட இடைவெளியில் அவர் இந்தப் புதிய முறைக்குள் வந்துவிட்டார். முன்னாலேயே இறந்திருந்தால் சர்ச்சில் ஒரு வரி மட்டும் மிஞ்சியிருக்கும்.

அந்தக் கால நியூ சவுத் வேல்ஸ் இறப்புச் சான்றிதழ் நம் ஊர் சான்றிதழ் மாதிரி நாலு வரி இல்லை. இறந்தவரின் பெற்றோர், பிறந்த ஊர், யாரை எங்கே எந்த வயதில் மணந்தார், குழந்தைகளின் பெயர், உயிரோடு இருப்பவர்கள், இறந்தவர்கள் என்று வரிசையாகக் கேட்பார்கள். அதில் ஒரு கட்டம்தான் ஆராய்ச்சியாளருக்குப் புதையல்: "காலனியில் எத்தனை வருடம் இருந்தார்?"

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். சான்றிதழில் விவரம் சொல்வது மகனோ மருமகனோ. அம்மா கைதியாக வந்தாள் என்று சொல்ல அவர்களுக்கு வெட்கம், சொல்லவும் மாட்டார்கள். சான்றிதழும் கைதியா என்று கேட்காது. ஆனால் எத்தனை வருடம் என்ற கேள்விக்கு யதார்த்தமாக ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். இறந்த வருடத்திலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வந்த வருடம் கிடைக்கும். 1790-ல் சிட்னிக்கு வந்து சேர்ந்த கப்பல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பயணிகளில் பெரும்பாலோர் கைதிகள், மற்றவர்கள் காவலர்கள். அவ்வளவுதான், பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது.

சாஃப்ட்வேர்காரனாக எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அடுத்து வருவது. பெயரை வைத்து மட்டும் ஆளைப் பிடிக்க முடியாது. மேரி, எலிசபெத், ஆன், சாரா. ஜான், வில்லியம், தாமஸ், ஜேம்ஸ். அன்றைய ஆங்கிலேய ஏழைகளில் பாதிப் பேர் இந்த எட்டுப் பெயருக்குள் அடங்கிவிடுவார்கள் போலிருக்கிறது. ஸ்பெல்லிங் குமாஸ்தாவின் காதைப் பொறுத்தது. அரசாங்கத்துக்கும் இதே தலைவலி இருந்தது. அவர்கள் கண்டுபிடித்த தீர்வு, பெயரோடு கப்பல் பெயரையும் வந்த வருடத்தையும் சேர்த்து எழுதுவது. டேட்டாபேஸில் நாங்கள் காம்போசிட் கீ என்று சொல்வோமே, அதேதான். மேரி வேட், லேடி ஜூலியானா, 1790. அந்த ஒட்டு ஆளை விட்டுப் போகவே போகாது. தண்டனை முடிந்து, விடுதலைப் பத்திரம் வாங்கி, நிலம் வாங்கி, பேரன் பேத்தி எடுத்த பிறகும், 1828-ல் காலனியின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயருக்கு அருகே கப்பல் பெயர் வரும். சுதந்திரமாக வந்தவர், காலனியிலேயே பிறந்தவர், தண்டனை முடித்தவர், நிபந்தனை மன்னிப்பு பெற்றவர், சலுகைச் சீட்டில் வெளியே இருப்பவர் என ஒவ்வொரு ஜாதிக்கும் இரண்டெழுத்துச் சுருக்கம் உண்டு. ஜாதி என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன்.

கப்பல் பெயர் தெரிந்துவிட்டால் கைதிகள் பட்டியல், அதிலிருந்து எந்த கோர்ட், எந்த நாள் தீர்ப்பு என்று போகலாம். மேரியின் வழக்கு லண்டனின் ஓல்ட் பெய்லியில் நடந்தது. இது இன்னொரு அதிர்ஷ்டம். அந்த கோர்ட்டின் விசாரணைகள் 1674-லிருந்து 1913 வரை அச்சாகி வந்தன. இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான வழக்குகள், இன்று இணையத்தில் இலவசமாக. லண்டனுக்கு வெளியே வேறு ஏதாவது மாவட்டத்தில் திருடியிருந்தால் ஒரு வரித் தீர்ப்புக்கு மேல் கிடைப்பது கஷ்டம்.

வழக்கு இதுதான். 5 அக்டோபர் 1788. எட்டு வயது மேரி பிலிப்ஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போகிறாள். இடம், வைட்ஹாலில் அரசுக் கருவூலத்துக்குப் பக்கம். அங்கே மேரி வேடும் அவளைவிடச் சற்று மூத்த ஜேன் ஒயிட்டிங்கும் அவளைப் பிடித்து, கழிவறைக்குள் கூட்டிப் போய், அவள் போட்டிருந்த பருத்தி கவுனையும் தலைத் தொப்பியையும் தோளில் போடும் சின்ன லினன் துணியையும் கழற்றிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். கவுன் அடகுக்கடைக்குப் போனது. வேறொரு குழந்தை போட்டுக் கொடுக்க, மேரி வேடின் அறையில் தோள்துணி அகப்பட்டது. அந்தக் குழந்தையைக் கழிவறைக் குழிக்குள்ளேயே தள்ளிவிட்டிருக்க வேண்டும் என்று மேரி வேட் சொன்னதாகவும் சாட்சியம் இருக்கிறது.

இந்தக் கடைசித் தகவலைப் பல குடும்ப வரலாற்றுத் தளங்கள் நைசாக விட்டுவிடுகின்றன. பசிக்காகத் திருடிய அப்பாவிக் குழந்தை என்ற கதைக்கு அது இடிக்கிறது. எனக்கு என்னவோ அது இருந்தால்தான் மேரி நிஜமான ஆளாகத் தெரிகிறாள். தெருவில் வளர்ந்த குழந்தை தெரு பாஷையில்தான் பேசும்.

14 ஜனவரி 1789-ல் விசாரணை. மரண தண்டனை.

ஒரு கவுனுக்கா? குற்றப்பத்திரிகையைக் கவனமாக வாசித்தால் புரியும். அது சாதாரணத் திருட்டு வழக்கு இல்லை, வழிப்பறி வழக்கு. பொதுவழியில் ஒருவரை மிரட்டி, அவர் உடம்பிலிருந்து பறித்தால், பொருளின் மதிப்பு எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது, தூக்குதான். குதிரையில் துப்பாக்கியோடு வரும் கொள்ளைக்காரனுக்காக எழுதிய சட்டம், ஒரு எட்டு வயதுக் குழந்தையின் சட்டையை உருவிய இரண்டு சிறுமிகள் மேல் அப்படியே பாய்ந்தது.

அப்போது மேரிக்கு என்ன வயது? 1775-ல் பிறந்தாள் என்பவர்கள் 13 என்கிறார்கள். 1777 என்பவர்கள் 11 என்கிறார்கள். இணையத்தில் "பதினோரு வயதில் தூக்குத் தண்டனை" என்ற தலைப்புதான் அதிகம் சுற்றுகிறது. சின்ன எண்ணுக்குத்தானே பரபரப்பு அதிகம்! எதை எடுத்துக்கொண்டாலும் குழந்தைதான், அதில் சண்டை வேண்டாம்.

அவளைக் காப்பாற்றியது ஒரு பைத்தியம். இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜுக்கு 1788 கடைசியில் புத்தி பேதலித்தது. நாடே கலங்கியது. 11 மார்ச் 1789-ல் அரசர் குணமாகிவிட்டார் என்று அறிவித்தார்கள். விளக்கேற்றி, மணியடித்துக் கொண்டாட்டம். அந்தக் கொண்டாட்டத்தின் ஒரு பகுதியாக, தூக்குக்குக் காத்திருந்த பெண்களுக்கு, கடல் தாண்டிப் போகச் சம்மதித்தால் உயிர் மிச்சம் என்று சொன்னார்கள். சிலர் நீதிபதி முன்னாலேயே மறுத்தார்கள். பெயர் கூடக் கேள்விப்படாத ஒரு கரைக்குப் போவதைவிட இங்கேயே செத்துப்போகிறேன் என்றார்கள். கடைசியில் மிரட்டித்தான் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. மேரி போகிறவர்கள் கூட்டத்தில் இருந்தாள்.

லேடி ஜூலியானா 29 ஜூலை 1789-ல் பிளிமத்திலிருந்து கிளம்பியது. இருநூறுக்கும் மேற்பட்ட பெண் கைதிகள். வேறு ஆண் கைதிகள் கிடையாது. சிட்னி போய்ச் சேர பத்து மாதத்துக்குச் சற்று அதிகம். மெதுவான கப்பல்தான், ஆனால் அந்த மெதுவே ஒரு வகையில் நல்லதாயிற்று. வழியில் துறைமுகம் துறைமுகமாக நின்று, புதுக் காய்கறி, இறைச்சி ஏற்றிக்கொண்டு போனதால் இறந்தவர்கள் மிகக் குறைவு. பின்னால் வந்த நெப்டியூன், சர்ப்ரைஸ், ஸ்கார்பரோ மூன்று கப்பல்களின் கதை வேறு. காண்ட்ராக்ட் எடுத்தது அடிமை வியாபாரத்தில் தேர்ந்த ஒரு கம்பெனி. தலைக்கு 17 பவுண்டுக்குச் சற்று அதிகமாகப் பேசி, அதை ஏற்றும்போது இருந்த கணக்கில் கொடுத்தார்கள், இறக்கும்போது உயிரோடு இருந்த கணக்கில் இல்லை. அப்படியானால் சாப்பாடு போடுவது நஷ்டம்தானே? ஏறக்குறைய ஆயிரம் பேரை ஏற்றி, அதில் 267 பேர் வழியிலேயே இறந்தார்கள். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு நிபந்தனையைத் தப்பாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

லேடி ஜூலியானாவைப் பற்றி இவ்வளவு தெரிவதற்கு இன்னொரு காரணம் ஜான் நிக்கோல் என்ற ஸ்காட்லாந்து மாலுமி. கப்பலில் ஸ்டீவர்டாக இருந்தவர். வயதான பிறகு வறுமையில் கிடந்தபோது அவர் சொல்லச் சொல்ல எழுதி, 1822-ல் நினைவுக் குறிப்புகள் புத்தகமாக வந்தது. லிங்கன்ஷையரிலிருந்து வந்த சாரா விட்லாம் என்ற கைதியின் கால் விலங்கை உடைக்கும்போதே மனசைப் பறிகொடுத்துவிட்டார். கப்பலிலேயே ஒரு மகன் பிறந்தான். சிட்னியில் ஆறு வாரம் சேர்ந்து இருந்தார்கள். பிறகு கப்பல் கிளம்பியாக வேண்டும், ஆள் பற்றாக்குறை, இவரை விடமாட்டேன் என்றார்கள். திரும்பி வந்து கூட்டிப் போகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பல வருடம் சிட்னிக்குப் போகும் கப்பல் தேடி அலைந்தார். சாரா அங்கிருந்து கிளம்பி பம்பாய்க்குப் போய்விட்டாள் என்று நடுவில் ஒரு தகவல் வந்தது. கடைசிவரை பார்க்கவே இல்லை.

பாவம் நிக்கோல், அவருக்குத் தெரியாத ஒன்று சிட்னி சர்ச் பதிவேட்டில் இருந்தது. கப்பல் கிளம்பிய மறுநாள் சாரா விட்லாம், ஜான் வால்ஷ் என்ற இன்னொரு கைதியைத் திருமணம் செய்துகொண்டாள். அவசரப்பட்டுத் திட்டிவிடாதீர்கள். கைக்குழந்தையோடு, கைதியாக, பட்டினிக் காலனியில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு வேறு என்ன வழி? நிக்கோல் சொன்ன கதையை மட்டும் வைத்திருந்தால் அது காதல் கதை. பதிவேட்டை மட்டும் வைத்திருந்தால் ஒரு தேதி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் மனசு கனக்கிறது.

நான் பட்டினிக் காலனி என்று சொன்னது மிகையில்லை. 3 ஜூன் 1790-ல் லேடி ஜூலியானா உள்ளே நுழைந்தபோது, இரண்டரை வருடமாக வெளியுலகத் தொடர்பே இல்லாமல் ரேஷன் அரிசி, உப்புக்கறி குறைந்துகொண்டே போய்ச் சாகக் கிடந்தார்கள். உணவுக் கப்பல் என்று ஆவலோடு ஓடினால், இருநூறு புது வயிறுகள். கப்பல் சுமந்துவந்த செய்திகளில் ஒன்று அரசர் குணமான சேதி. அதற்காக அங்கேயும் நன்றிப் பிரார்த்தனை நடந்தது. அரசரின் குணத்தால் உயிர் பிழைத்த பெண்களும் அன்று அங்கேதான் இருந்தார்கள்.

தலைநகரில் வயிறுகளைக் குறைக்க, ஆகஸ்டிலேயே ஒரு தொகுதிப் பேரை நார்ஃபோக் தீவுக்கு அனுப்பினார்கள். மேரி அதில் ஒருத்தி. அனுப்பிய கப்பல் சர்ப்ரைஸ், அதே சாவுக் கப்பல்களில் ஒன்று. அந்தத் தீவில் மேரிக்கு 1793-ல் சாரா, 1795-ல் வில்லியம் என்று குழந்தைகள் பிறந்தார்கள்.

இங்கிருந்து சிக்கல். குற்றவாளி மேரிக்கு ஏகப்பட்ட காகிதம், தாய் மேரிக்கு அவ்வளவு இல்லை. சிட்னி திரும்பி டீக் ஹாரிகன் என்ற ஐரிஷ்காரரோடு வாழ்ந்தாள். டேங்க் ஸ்ட்ரீம் ஓடைக்கரையில் கூடாரத்தில் இருந்தார்கள் என்கிறது குடும்ப வரலாறு. 1806-ல் அவர் திமிங்கல வேட்டைக் கப்பலில் போனார், திரும்பவில்லை. அதே 1806-ல்தான் சாமுவேல் மார்ஸ்டன் என்ற பாதிரியார் காலனிப் பெண்களைப் பற்றி ஒரு பட்டியல் தயாரித்தார். இங்கிலாந்து திருச்சபை முறைப்படி தாலி, மன்னிக்கவும், மோதிரம் மாற்றியவர்கள் மனைவி. மற்ற எல்லோரும் வைப்பாட்டி. கத்தோலிக்கப் பாதிரியே சட்டப்படி இல்லாத ஊரில் ஐரிஷ்காரர்கள் எப்படித் திருமணம் செய்வார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. 1,430 பெண்களில் 395 பேர் மனைவி, 1,035 பேர் வைப்பாட்டி. லண்டனில் இருந்தவர்கள் இதைப் படித்துவிட்டு, காலனி முழுக்க ஒழுக்கம் கெட்ட பெண்கள் என்று முடிவு கட்டினார்கள். ஒரு ட்ராப்-டவுனில் இரண்டே ஆப்ஷன் வைத்தால் வரும் வினை. அந்தப் பெயர் துடைத்துப்போக நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

1809 முதல் ஹாக்ஸ்பரி ஆற்றுப் பக்கம் ஜோனதன் ப்ரூக்கரோடு மேரி வாழ்ந்தாள். அவரும் கைதியாக வந்தவர். 1811-ல் அவருக்கும் 1812-ல் இவளுக்கும் விடுதலைப் பத்திரம் கிடைத்தது. 1817-ல்தான் சட்டப்படி திருமணம், அதற்குள் வீடு நிறையப் பிள்ளைகள். மொத்தம் 21 குழந்தைகள் என்கிறார்கள். வளர்ந்து, தாங்களும் பிள்ளை பெற்றவர்கள் ஏழு பேர். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் எத்தனை சவப்பெட்டி என்று கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

1816-ல் அவர்கள் சிட்னிக்குத் தென்மேற்கே ஏர்ட்ஸ் பகுதியில் 30 ஏக்கரில் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். இந்த வரி எல்லாக் குடும்ப வரலாற்றிலும் பெருமையாக வரும். கைதி நிலக்காரி ஆனாள் என்று. நான் அந்த வருடத்தையும் அந்த இடத்தையும் சேர்த்துத் தேடிப் பார்த்தேன். பக்கத்துப் பகுதி ஆப்பின். 17 ஏப்ரல் 1816 விடிகாலையில், ஆளுநர் மக்குவாரி அனுப்பிய படை அங்கே தூங்கிக்கொண்டிருந்த தாராவல் பூர்வகுடிகளின் முகாமைத் தாக்கியது. குழந்தைகள் உட்படக் குறைந்தது 14 பேர் செத்தார்கள், சிலர் மலைவிளிம்பிலிருந்து பள்ளத்தாக்கில் விழுந்து. கொல்லப்பட்ட ஆண்களின் உடல்களை மற்றவர்கள் பயப்படும்படி மரத்தில் தொங்கவிட வேண்டும் என்று ஆளுநர் எழுதிக் கொடுத்த உத்தரவு இன்றும் இருக்கிறது. மேரிக்கும் அந்தத் தாக்குதலுக்கும் நேரடி சம்பந்தம் இருந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் அந்த 30 ஏக்கர் எப்படிக் காலியாகக் கிடைத்தது என்பதற்கு அவளுடைய வம்சாவளியில் ஒரு கட்டம் கிடையாது. லண்டனில் தூக்கு மேடைக்கு இரண்டடி தூரத்தில் நின்ற பெண், இங்கே வேறொருவர் வீட்டு முற்றத்தில் உழுகிறாள். செத்தவர்களின் பெயர் ஒன்றிரண்டு தவிர எங்கும் எழுதப்படவில்லை. அவர்களுக்குக் கப்பல் பெயர் கிடையாதே.

1823-ல் காட்டுத்தீ எல்லாவற்றையும் எரித்தது. திரும்பப் பூஜ்யத்திலிருந்து. 1828 கணக்கெடுப்பு நேரத்தில் தெற்கே இல்லவாரா கடற்கரைப் பக்கம் 62 ஏக்கர் இருந்தது. ப்ரூக்கர் 1833-ல் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு 26 வருடம் வாழ்ந்து, வொல்லங்காங் அருகே ஃபேரி மெடோவில் மேரி கண்ணை மூடினாள். அப்போது உயிரோடு இருந்த வாரிசுகள் 300-க்கு மேல், ஐந்து தலைமுறை. மகன் நிலம் கொடுத்துக் கட்டிய சர்ச்சில் நடந்த முதல் ஆராதனையே அவளுடைய இறுதிச் சடங்குதான் என்கிறார்கள்.

அதோடு அந்த முந்நூறு பேரும் அவளுடைய கடந்த காலத்தைப் பற்றி வாயை மூடிக்கொண்டார்கள். அவர்கள் மட்டும் இல்லை, நாடே மூடிக்கொண்டது. 1788-லிருந்து 1868 வரை வந்த சுமார் 1,62,000 கைதிகளின் பிள்ளைகள் அதை "கறை" என்றே அழைத்தார்கள். வான் டீமன்ஸ் லேண்ட் என்ற தீவு, அந்தப் பெயரிலேயே கைதி வாடை அடிக்கிறது என்று 1856-ல் டாஸ்மேனியா ஆனது. 1882-ல் சிட்னியின் கார்டன் பேலஸ் கட்டடம் எரிந்து, முந்தைய வருடத்துக் கணக்கெடுப்புத் தாள்களும் பல ஆவணங்களும் சாம்பலானபோது, பழைய கைதிக் காகிதங்களை ஒழிக்கப் பெரிய குடும்பம் ஏதோ ஒன்றுதான் தீ வைத்திருக்க வேண்டும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வதந்திதான். ஆனால் எல்லோரும் நம்பும்படியாக இருந்ததே, அதுதான் முக்கியம்.

காற்று திரும்பியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1968-ல் முதல் கப்பல் தொகுதியில் வந்தவர்களின் வாரிசுகள் சங்கமே ஆரம்பித்தார்கள். 2007-ல் கைதி ஆவணங்கள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. வாரிசுகள் வெட்கத்தை விட்டுத் தேட ஆரம்பித்ததும் காகிதங்கள் வேகவேகமாக ஸ்கேன் ஆயின. ஆவணக் காப்பகம் தானாகத் திறக்காது, தட்டுகிறவர்கள் வேண்டும்.

இதை எழுதும்போது நம்ம பக்கம் நினைப்பு ஓடாமல் இல்லை. கடல் கடத்தல் தண்டனை வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமானது இல்லை. இந்தியாவிலிருந்து பினாங்கு, பென்கூலன், சிங்கப்பூர், அந்தமான் என்று கைதிகளை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல் இந்தியக் கைதிகள் கட்டியது. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, பிப்ரவரி 1802-ல், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட 73 பேரைத் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். 1818-ல் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி பினாங்கில் துரைசாமியைப் பார்த்துவிட்டு எழுதி வைத்தார். சின்னப் பையனாகப் போனவர் அகாலத்தில் கிழவனாகத் தெரிந்தாராம். அந்த 73 குடும்பங்களின் கொடிவழிகளைத் தட்டிப் பார்க்க பினாங்கிலும் சிவகங்கையிலும் ஆட்கள் கிளம்பினால் நன்றாக இருக்கும்.

மேரி வேடுக்கே திரும்பினால், எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. அவளோடு அதே தெருவைப் பெருக்கி, திருடாமல், பசியோடு வளர்ந்து இறந்த சிறுமிகள் நூற்றுக்கணக்கில் இருந்திருப்பார்கள். அரசாங்கம் அவர்களைக் கண்டு பயப்படவில்லை, அதனால் அவர்களைப் பற்றி எழுதவும் இல்லை. திருடியவளுக்கு விசாரணை, கப்பல், கணக்கெடுப்பு, விடுதலைப் பத்திரம், கடைசியில் ஒரு பிரதமர். சட்டையைப் பறிகொடுத்து நின்ற எட்டு வயது மேரி பிலிப்ஸுக்கு ஒரே ஒரு வழக்குதான்.

வாசிக்க ஆசையுள்ளவர்கள் ஓல்ட் பெய்லி இணையதளத்தில் ஜனவரி 1789 அமர்வைத் திறந்து ஜேன் ஒயிட்டிங் என்று தேடுங்கள், இரண்டு பெயரும் சேர்ந்தே வரும். பத்து நிமிடத்தில் படித்துவிடலாம்.